மதிலுக்கு வெளியே ஒரு குழி

யாகப்பன் தன் வழக்கை வரிசை தப்பாமல் சொல்பவர்.

முதலாவது, மாதா கோயில் கட்டக் கல் சுமந்தவர்களுக்குக் கோயிலுக்குள் ஓரத்து இடம். இரண்டாவது, திருவிழாத் தேர் அவர்கள் தெருமுனையோடு திரும்பிப் போனது. மூன்றாவது, ஏன் என்று கேட்டதற்கு விழுந்த அடி. இடது காது அன்றோடு...

“காபி குடிக்கிறியா யாகப்பா?” என்றார் இன்னாசிமுத்து சாமியார்.

நடுவில் யாராவது குறுக்கே பேசினால் யாகப்பன் மறுபடி முதலாவதிலிருந்து தொடங்குவார். தொடங்கினார். சாமியார் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

நான்காவது, மகன் சந்தியாகு கல்குவாரியில் பாறை சரிந்து செத்தது. ஐந்தாவது, கல்லறைத் தோட்டத்து மதிலுக்குள் உங்கள் சாதிக்கு இடமில்லை, வெளியே புதையுங்கள் என்று சொன்னது.

“அதனால நாளையிலிருந்து நான் கிறிஸ்தவன் இல்ல சாமி. ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் நீங்க. உங்ககிட்ட சொல்லாமப் போனா ஓடிப்போன மாதிரி ஆயிரும்.”

சாமியார் பங்குக் கோயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். தங்களை உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் அவருடையது. அந்தக் குடும்பத்துக் கல்லறைகள் எல்லாம் மதிலுக்கு உள்ளே.

“போறதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணுமா?”

“கேக்கணும். என் பையனை வெளியே புதைச்சப்ப உங்க இயேசு எங்க இருந்தார்?”

“வெளியேதான். அவரை ஊருக்குள்ள வச்சா கொன்னாங்க? வாசலுக்கு வெளியே தள்ளிக்கிட்டுப் போய்த்தானே சிலுவையில அடிச்சாங்க. சந்தியாகு பக்கத்துலதான் இருந்தார்.”

யாகப்பன் சிரித்தார். கூட்ட மேடைகளில் எதிராளியை மடக்கும்போது அவருக்கு வரும் சிரிப்பு.

“நல்ல பிரசங்கம். உள்ள நின்னுக்கிட்டுச் சொல்றீங்க.”



காபி ஆறி ஆடை கட்டியது.

சாமியார் எழுந்தார். கொல்லைப்பக்கம் போய் மண்வெட்டியோடு வந்தார்.

அன்று கல்லறைத் திருநாள். மதிலுக்கு உள்ளே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம். வெளியேயும் கூட்டம்தான், பூ கொஞ்சம் குறைவு. சாமியார் நேரே போய், சந்தியாகுவின் மண்மேட்டை ஒட்டி வெட்டத் தொடங்கினார்.

எண்பது தாண்டிய கை. வெட்டிய மண் அவர் செருப்பிலேயே விழுந்தது.

“இந்த லட்சணத்துல வெட்டினா அடுத்த கல்லறைத் திருநாள் வந்துரும். குடுங்க இப்படி.” யாகப்பன் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். “யாருக்குக் குழி?”

“முதல்ல இடுப்பளவு வரட்டும்.”

குழி இடுப்பளவு வந்தபோது மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. சாமியாருடைய அண்ணன் மகன் பிரகாசம்.

“சித்தப்பா! அங்க என்ன பண்றீங்க?”

“படுக்க இடம் பாக்கறேன்.”

யாகப்பனின் மண்வெட்டி நின்றது.

“பாட்டி பக்கத்துல உங்களுக்குன்னு கட்டியே வச்சிருக்கோமே! சலவைக்கல்லு சித்தப்பா!”

“உயிர்த்தெழுந்து வர்ற அன்னைக்கு அதைத் தள்ள எனக்குத் தெம்பு இருக்காதுடா. இங்க வெறும் மண்ணுதான்.”

வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள். “சாமி, மழை பேஞ்சா எங்க பக்கம் தண்ணி நிக்கும், பாத்துக்குங்க,” என்றாள் ஒருத்தி.

“எல்லாரும் நனையறப்ப நானும் நனையறேன்மா.”

பிரகாசத்துக்கு முகம் சிவந்தது. “நீங்க கண்ணை மூடினதும் உங்களை எங்க வைக்கணும்னு எங்களுக்குத் தெரியும்!”

“உள்ளதான் வச்சிருவான்,” என்றார் சாமியார் யாகப்பனிடம். “அதான் சாட்சி வேணும்.”

அவர் ஒரு பலகைத் துண்டைப் பொறுக்கினார். கரியால் அதில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை யாகப்பன் குழிக்குள்ளேயே நின்றார்.

“சாமி, இந்த மதில் இடியணும்.”

“இடியணும். நீ அதை விட்றாதே. நான் அதுக்குள்ள செத்துருவேன், அவ்வளவுதான்.”

பலகையை நீட்டினார்.

“வாசி. என் குரல் மதிலைத் தாண்டாது.”

எத்தனையோ கூட்டங்களில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசியவர் யாகப்பன். பலகையை வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்தவர்களும் மெழுகுவர்த்தியோடு மதிலோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

அவர் பலகையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்.

“எல்லாரும் சாட்சி,” என்றார். “யாகப்பன் மகன் சந்தியாகுவுக்குப் பக்கத்துல, ராயப்பன் மகன் இன்னாசிமுத்து.”