ஒரே கிட்டாரில் இரண்டு பேர்

குணாளன் அந்த எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கியது வாசிப்பதற்கு அல்ல, பிரிப்பதற்கு. யாரோ வாசித்துத் தேய்த்த பழைய கிட்டார். "ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க சார்" என்றார் விற்றவர். "சத்தத்தை யார் கேட்டா? கட்டை நேரா இருந்தா போதும்" என்று ஒரு கண்ணை மூடிக் கிட்டாரின் கழுத்தை நோட்டம் விட்டுவிட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சத்தத்துக்கு அவர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். கம்பிக்கு அடியில் காந்தமும் செப்புச் சுருளுமாக உட்கார்ந்திருக்கிறதே பிக்கப், அதுதான் அந்த கிட்டாருக்குக் காது. அதை மாற்றினால் கிட்டாரே ஆள் மாறிவிடும். குணாளன் இரண்டு பிக்கப் வாங்கிவைத்திருந்தார். கம்பி முடிகிற கீழ்ப்பக்கத்துக்கு ஒன்று, கணீரென்று அவருடைய சத்தம். கழுத்தை ஒட்டி இன்னொன்று, டெரிக் வைத்திருக்கிற அதே ரகம்.

டெரிக் யார் என்று சொல்ல வேண்டும். மேடையில் குணாளன் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்று ரிதம் கிட்டார் வாசித்தவர். ஒரு கல்யாண வரவேற்பில் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுருதியை இறக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். டெரிக் இறக்கினார். குணாளன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு பழைய சுருதியிலேயே வெளுத்துக்கட்டினார். மண்டபமே சிரித்தது. "நீ சொல்லியிருக்கணும்" என்றார் இவர். "நீ பார்த்திருக்கணும்" என்றார் அவர். அன்றோடு பேச்சு நின்றது.

குழுவை நடத்துகிற அந்தப் பாடகி திலகவதி கறாராகச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை ஒத்திகைக்கு ரெண்டு பேரும் ராசியா வாங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறதா இருந்தா ரெண்டு பேருமே வேணாம்."

குணாளனுக்கு அந்த மேடை போனால் உயிரே போன மாதிரி. ஆனால் அதற்காக டெரிக் வீட்டு வாசலில் போய் நிற்பதா? நல்லா இருக்கே கதை! இரண்டு பேர் வேலையையும் ஒருத்தனே செய்து காட்டினால், அந்த ஆளே தேவையில்லை என்று திலகவதிக்குத் தெரிந்துவிடுமே. அதற்குத்தான் இத்தனை பாடும்.

பொருத்தி முடித்தார். ஸ்விட்ச்சை மேலே தள்ளினால் டெரிக், கீழே தள்ளினால் குணாளன். இரண்டுமே அபாரம். நடுவில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். அங்கேதான் மானம் போயிற்று. சளி பிடித்தவன் மூக்கால் பாடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவரும் என்னென்னமோ செய்து பார்த்தார், சத்தம் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெரம்பூருக்கு ஓடினார், ஜெசிந்தா மாஸ்டரிடம். மாஸ்டருக்கு முப்பது வயதுதான். ஐம்பதைத் தாண்டிய குணாளன் அவரிடம்தான் முறையாகக் கற்றுக்கொண்டார். அவர் ஒரு கம்பியைத் தொட்டாலே போதும், குணாளனுக்குக் கை தானாக மடியில் அடங்கிவிடும்.

மாஸ்டர் மூன்று நிலையிலும் வாசித்துப் பார்த்தார்.

"மேல இருக்கிறது டெரிக் அண்ணன் சத்தமாச்சே."

"ஆமா மாஸ்டர்."

"அவரோட பேச்சு வார்த்தையே இல்லன்னாங்க?"

"பேச்சு எதுக்கு? சத்தம் போதும்."

"அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்காம பின்னே! அந்த வலது கையைப் பார்த்திருக்கீங்களா நீங்க? டிரம்ஸ் தடுமாறினாலும் அது தடுமாறாது. நான் பாட்டுக்கு எங்கெங்கேயோ போயிட்டு வருவேன் மாஸ்டர். திரும்பி வந்து கால் வைக்கிறப்ப அவன் அங்கேயே இருப்பான். அந்த மாதிரி ஒரு கை இந்த ஊர்லயே..." குணாளன் சட்டென்று நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அன்னிக்குத் தப்பு அவன் மேலதான். நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் எழுந்தார். "அந்த ஸ்பீக்கர் பெட்டியை நகர்த்தணும். ஒரு கை கொடுங்கண்ணே."

ஆளுயரப் பெட்டி. குணாளன் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். ம்ஹூம். மூச்சு வாங்க எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டர் இவர் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ மாஸ்டர், இப்படித் தள்ளினா எப்படி நகரும்?"

"ஏன், நான் நல்லாத்தானே தள்ளினேன்?"

"நானும் நல்லாத்தான் தள்ளினேன்!"

"உங்க பிக்கப் ரெண்டும் அப்படித்தான்" என்றார் மாஸ்டர்.

கிட்டாரை மேஜைமேல் கிடத்தி, மேல்தகட்டின் திருகுகளைக் கழற்றினார். ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் இரண்டு ஒயர் வந்தது.

"கம்பி ஆடுறப்ப ஒன்னு முன்னால தள்ளுது, ஒன்னு பின்னால தள்ளுது. தனியா வாசிக்கிற வரைக்கும் தெரியாது. சேர்ந்தாத்தான் தெரியும்."

"இதுக்கு என்ன வழி மாஸ்டர்?"

"ஒரு பிக்கப்போட ரெண்டு ஒயரையும் இடம் மாத்திப் பத்தவச்சா போதும்."

ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டுகிற சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அவர் கையில் கொடுத்தார். குணாளன் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிக்கப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுல தப்பு? டெரிக்கோடதுலயா?"

"இல்லை."

"அப்ப என்னோடதுலயா?" குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"இல்லை."

"அதெப்படி மாஸ்டர்? ஏதோ ஒன்னு தப்பா இருந்தாத்தானே மாத்தணும்?"

"தப்பா இருக்கணும்னு இல்லை. ரெண்டுல எதை மாத்தினாலும் சேர்ந்துக்கும்."

"எதையுமா?"

"எதையும்."

அயர்ன் முனையிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. நாளைக்கு ஒத்திகை.

"அப்ப நான் எதைத்தான் மாத்தறது?" என்று கேட்டார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

"உங்க கைக்கு எது எட்டுதோ, அதை மாத்துங்கண்ணே."