சுருண்டுகொண்ட அழுங்கு

ஒரு காட்டில், கோடை எவ்வளவு நீண்டாலும் வற்றாத மடு ஒன்று இருந்தது. அது வற்றாமல் இருந்ததற்கு அதன் மண்கரைதான் காரணம். அந்தக் கரையை யாரும் கட்டவில்லை, மிதித்தே உண்டாக்கினார்கள். ஆண்டுதோறும் முதல் மழைக்கு மறுநாள் யானை, காட்டெருமை, மிளாமான் என்று கனத்த உடம்புள்ளவை எல்லாம் வரிசையாகக் கரைமேல் நடக்கும். மண் இறுகும். அதற்குக் கரைமிதி என்று பெயர். முயலும் அணிலும்கூட அன்றைக்கு வரிசையின் கடைசியில் குதித்துக்கொண்டு போகும். அதனால் பிரயோசனம் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தக் கரை ஒருநாள் நண்பகலில் உடைந்தது.

மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஓர் ஓரம் தானாகச் சரிந்து, மடுவின் பாதித் தண்ணீர் பள்ளத்துப் புல்வெளியில் பாய்ந்தது. அங்கே வளைக்குள் தூங்கிக்கொண்டிருந்த நான்கு முயல்குட்டிகளை அது கொண்டுபோய்விட்டது. தாய்முயல் மேய்ச்சலிலிருந்து திரும்பியபோது வளை இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

உடைப்பைப் போய்ப் பார்த்தார்கள். கரைக்குள் ஒரு சுரங்கம் ஓடியது. யாரோ நகத்தால் தோண்டியிருந்தார்கள்.

எதற்காகத் தோண்டவேண்டும்? அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மடு வற்றினால் மான்களும் முயல்களும் மலைக்கு அப்பாலுள்ள ஓடைக்குத்தான் போகவேண்டும். அந்த ஓடை செந்நாய்களுடையது. ஆனால் செந்நாய் ஒன்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்தால் போதும், மரத்திலிருக்கும் குரங்குகள் காட்டையே கூட்டிவிடும். குரங்குகள் கத்தவில்லை. அப்படியென்றால் செந்நாய்களுக்காகத் தோண்டிக்கொடுத்தது இந்தக் காட்டிலேயே இருக்கும் ஒருவர்.

அன்று மாலை யாரும் யாருக்கும் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கவில்லை.

காட்டின் காவல் காட்டெருமையிடம் இருந்தது. அது நேர்மையானது, அஞ்சாதது. ஆனால் உடைப்பு நடந்தபோது மடுவின் மறுகரையில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. அந்த நினைப்பு அதைக் குத்திக்கொண்டே இருந்தது. எனவே பொழுது சாய்வதற்குள் ஒரு முடிவெடுத்தது. மிதித்து இறுகிய கரையைத் தோண்டக்கூடியவர்கள் மூன்று பேர்: முள்ளம்பன்றி, பெருச்சாளி, அழுங்கு. மூவரையும் பாறைக்குகையில் அடைத்து, வாசலில் ஒரு பாறையை உருட்டி வைத்துவிட்டது.

முள்ளம்பன்றி வழியெல்லாம் முணுமுணுத்தது. முதுகு நிறைய ஆயுதம் வைத்திருப்பவன் முணுமுணுக்கத்தான் செய்வான் என்று காட்டெருமை நினைத்துக்கொண்டது.

பெருச்சாளி மிகவும் பணிவாக நடந்துகொண்டது. தான் உள்ளே இருப்பதால் காடு நிம்மதியாக இருக்குமென்றால் தனக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டது. காட்டெருமைக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

அழுங்கை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள், குழந்தைகளே. உடம்பெல்லாம் செதில், நீண்ட நாக்கு, தின்பது எறும்பும் கறையானும். யாரிடமும் அதிகம் பேசாத பிராணி. காட்டெருமை கேள்வி கேட்டதும் அது தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்து போலச் சுருண்டுவிட்டது. அந்தப் பந்தை அப்படியே குகைக்குள் உருட்டிவிட்டார்கள்.

இரண்டு நாள் போயிற்று. காடு அமைதியாக இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு மரங்கொத்தி உண்டு. தட்டிப் பார்த்து, காதுகொடுத்துக் கேட்காமல் அது எந்த மரத்தையும் நம்பாது. நல்ல மரம் ஒரு மாதிரி ஒலிக்கும், உள்ளே பொந்து விழுந்த மரம் வேறு மாதிரி ஒலிக்கும். மூன்றாம் நாள் காலை விழுந்து கிடந்த ஒரு வேங்கைமரத்தைத் தட்டியது. உள்ளேயிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது.

மரம் மூச்சுவிடுமா? மரங்கொத்தி மறுபடியும் தட்டியது. மறுபடியும் புஸ். பொந்துக்குள் எட்டிப் பார்த்தால், செதில் இன்னும் முற்றாத அழுங்குக்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. அம்மாவின் வாலில் தொற்றிக்கொண்டு திரியவேண்டிய வயது.

மரங்கொத்தி அதன் தாயைப் பற்றி விசாரித்தது. பெரிய கொம்பு ஒன்று வந்து கூப்பிட்டதாகவும் அம்மா போனதாகவும் குட்டி சொன்னது. பால் குடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு அதற்கு எண்ணத் தெரியவில்லை. வெயில் இரண்டு தடவை வந்துபோயிற்று என்றது. குரல் மிகவும் மெலிந்திருந்தது.

மரங்கொத்தி நேரே காட்டெருமையிடம் பறந்தது.

"அண்ணே, குகைக்குள்ளே இருக்கும் மூன்று பேரில் தோண்டியது யார்?"

"மூவருக்கும் தோண்டத் தெரியும். மூவரும் உள்ளே. அப்படியானால் தோண்டியவனும் உள்ளே. கரைக்கு இனிப் பயமில்லை."

"அது சரி. ஆனால் யார்?"

"யாராக இருந்தால் என்ன? அந்த அழுங்காகத்தான் இருக்கும். நான் கேட்டேன், அது பதில் சொல்லாமல் சுருண்டுகொண்டது. தப்பு செய்யாதவர் எதற்கு முகத்தை மூடவேண்டும்?"

மரங்கொத்தி தலையைச் சாய்த்து யோசித்தது. "எப்படிக் கேட்டீர்கள்? கொஞ்சம் கேட்டுக் காட்டுங்களேன்."

காட்டெருமை கொம்பைத் தாழ்த்தியது, குளம்பால் தரையைக் கீறியது, "கரையைத் தோண்டினாயா?" என்று முழங்கியது. பக்கத்துப் புதரிலிருந்து இரண்டு காடைகள் பறந்தன. மரங்கொத்தி தன்னையறியாமல் மூன்று கிளை மேலே போய் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, நானும்தான் ஓடிவந்துவிட்டேன். அப்படியானால் கரையை நானும் தோண்டினேனா?"

காட்டெருமை கொம்பை நிமிர்த்திக்கொண்டது. பிறகு தாழ்ந்த குரலில், ஒருவனைத் தவறாக வெளியே விட்டால் அடுத்து எந்த வளையில் எந்தக் குட்டி சாகுமோ, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டது. அது நியாயமான கேள்விதான். இருவரும் யானையிடம் போனார்கள்.

யானைதான் அந்தக் காட்டுக்குத் தலைவி. காடு முழுவதும் கூடியிருக்க, இரண்டு பக்கத்தையும் கேட்டது. மேற்கே மலைமேல் கருமேகம் திரண்டிருந்தது. எது சரி என்று அதற்கும் உடனே தெரியவில்லை. அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து தாய்முயல் முன்னால் வந்தது. உடைப்புக்குப் பிறகு அது யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"யானையம்மா, என் குட்டிகளைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியவேண்டும். மூன்றில் ஒன்று என்று சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. நான் யாரை வெறுப்பது?"

யானை குகைக்கு நடந்தது.

அது செய்தது இதுதான். பாறையை நகர்த்தி, வாசலில் தானே நின்றுகொண்டது. யாரும் தப்பிப் போக முடியாது. ஒவ்வொருவராக வெளியே வரவேண்டும். என்ன குற்றம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்படும். அவர்கள் பதிலும் எல்லோர் முன்னாலும் கேட்கப்படும். யாரும் கொம்பைத் தாழ்த்தக்கூடாது.

முதலில் வந்த முள்ளம்பன்றி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. "அந்தச் சுரங்கத்தில் என் முதுகு நுழையுமா? நுழைந்திருந்தால் சுவரெல்லாம் கோடு கோடாகக் கீறியிருக்குமே. போய்ப் பார்த்தீர்களா யாராவது?"

யாரும் உள்ளே போய்ப் பார்த்திருக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் சுரங்கத்துக்குள் நுழையக்கூடிய உடம்பு தாய்முயலுக்குத்தான் இருந்தது. அது போய், உடைப்பில் மிஞ்சியிருந்த துண்டுக்குள் ஊர்ந்து, மண் அப்பிய முகத்துடன் திரும்பி வந்தது. சுவரில் நகத்தடம் தவிர முள் கீறிய கோடு ஒன்றும் இல்லை என்றது. வாயில் ஒரு கோரைக்கிழங்கைக் கவ்விக்கொண்டு வந்திருந்தது. பாதி கொறித்த கிழங்கு.

அடுத்து அழுங்கு. பந்தாகவே உருண்டு வந்தது. யானை மெதுவாகக் கேட்டது, பந்து அசையவில்லை. மறுபடியும் கேட்டது, அப்போதும் அசையவில்லை. கூட்டத்தில் ஒரு குரங்கு, பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்றது.

யானை பேசாமல் தும்பிக்கையை நீட்டியது. வரும் வழியில் வேங்கைப் பொந்திலிருந்து எடுத்துத் தும்பிக்கைச் சுருளில் வைத்திருந்த குட்டியை அந்தப் பந்தின் பக்கத்தில் இறக்கிவிட்டது. குட்டி தவழ்ந்து போய்ச் செதிலில் மூக்கை உரசியது.

பந்து விரிந்தது.

குட்டி பால் குடிக்கும்வரை கூட்டம் முழுக்கக் காத்திருந்தது. காட்டெருமை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அழுங்கு, பழக்கமில்லாத குரலில், தன்னை எதற்காக அடைத்தார்கள் என்று கேட்டது. கரையைத் தோண்டியதற்காக என்று யானை சொன்னது.

"நான் தோண்டவில்லை. ஆனால் தோண்டியவர் யார் என்று தெரியும். இன்னொரு சுரங்கம் இருப்பதும் தெரியும்."

குரங்குகூட வாயை மூடிக்கொண்டது.

அழுங்கு சொன்னது இது. குகையின் பின்சுவரில், குரல் மட்டும் நுழையக்கூடிய ஒரு குறுகிய வெடிப்பு இருக்கிறது. அது மலைக்கு அப்பால் திறக்கிறது. நேற்று முற்பகலில், முள்ளம்பன்றி தூங்கிக்கொண்டிருந்தபோது, வெடிப்புக்கு வெளியே ஒரு செந்நாய் வந்து நின்றது. பெருச்சாளி அதனிடம், நாவல்மர வேருக்கடியில் இரண்டாவது சுரங்கத்தை ஏற்கெனவே தோண்டி வைத்துவிட்டதாகவும், ஒரு சாண் மண்தான் பாக்கி என்றும், ஒரு நல்ல மழை பெய்தால் மீதியை மழையே பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னது. மடு வற்றியதும் அதன் சேற்றிலுள்ள கோரைக்கிழங்கு முழுவதும் பெருச்சாளிக்கு. அதுதான் ஒப்பந்தம்.

"உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இதையெல்லாம் பேசியது?" என்று காட்டெருமை கேட்டது.

"நான் சுருண்டிருந்தேன். சுருண்டால் எனக்குக் காது கேட்காது என்று எல்லோரும் நினைக்கிறீர்கள்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"யாரிடம் சொல்வது? பாறையை மூடிவிட்டுப் போனபின் யாரும் வரவேயில்லையே."

பெருச்சாளி வெளியே வந்தபோது அதே பணிவு இருந்தது. பாவம், பிள்ளையைப் பிரிந்த கலக்கத்தில் அழுங்கக்கா ஏதேதோ சொல்கிறது, தனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்றது. யானை முயலிடமிருந்து கிழங்கை வாங்கிக் கீழே வைத்தது. சுரங்கத்துக்குள் கிடந்தது, யார் கொறித்தது என்று கேட்டது. பெருச்சாளி தயங்காமல் அழுங்கைக் காட்டியது.

"அக்கா, கொஞ்சம் வாயைத் திறங்களேன்" என்றது மரங்கொத்தி.

அழுங்கு வாயைத் திறந்தது. நீண்ட நாக்கு ஒன்று வெளியே வந்தது. அவ்வளவுதான். அழுங்குக்குப் பல்லே கிடையாது. இத்தனை காலம் ஒரே காட்டில் வாழ்ந்தும் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெருச்சாளியின் பணிவு அங்கேயே தீர்ந்துபோயிற்று. அது ஓடப் பார்த்தது. வழியில் யானையின் கால்கள் நின்றன.

முதல் துளி விழுந்தது அப்போதுதான். பெருச்சாளியை உள்ளே தள்ளி, பாறையை மறுபடி உருட்டிவிட்டு எல்லோரும் நாவல்மரத்துக்கு ஓடினார்கள். கரை பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. மரங்கொத்தி வேரில் இறங்கி ஒரு முழத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி தட்டிக் காதை வைத்தது.

"இங்கேதான்."

கரைமிதி அந்த ஆண்டு முதல் மழைக்கு மறுநாள் நடக்கவில்லை, மழையிலேயே நடந்தது. காட்டெருமை முன்னால் போனது. சுரங்கம் அதன் காலடியில் உள்வாங்கி அமுங்கியது. யானை பழைய உடைப்பிலும் மண்ணைத் தள்ளி மிதித்தது, மிளாக்கள் மிதித்தன. வரிசையின் கடைசியில், பழக்கப்படி, தாய்முயலும் குதித்துக்கொண்டு போனது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கரையில் முட்டி, ஏறி, தயங்கி, நின்றது.

பெருச்சாளியை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, மலைக்கு அப்பால் தூக்கி எறியச் சொன்னார்கள் சிலர். தாய்முயல் அதை வேண்டாம் என்றது. உள்ளேயே இருக்கட்டும், நான் வந்து கேட்கவேண்டியது இருக்கிறது என்றது. அப்படியே ஆயிற்று. வெடிப்பை அடைத்தார்கள். வாசல்பாறையில் மட்டும் ஒரு பறவையின் அலகு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார்கள். அன்றிலிருந்து யாரை அடைத்தாலும், தினமும் பொழுது விடிந்ததும் அந்த இடைவெளிக்கு எதிரே நின்று, எதற்காக அடைத்திருக்கிறோம் என்பதை அடைத்தவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும், உள்ளே இருப்பவரின் பதிலையும் கேட்கவேண்டும். பெருச்சாளிக்கும் அதே வழக்கம்தான். காட்டெருமை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

மழை விட்ட மறுநாள் காட்டெருமை வேங்கைமரத்துக்குப் போனது. அதன் காலடி ஓசை கேட்டதுமே அழுங்கு குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொண்டது.

காட்டெருமை முன்னங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தது. கொம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது.

"இன்றைக்கு நான் கேள்வி கேட்க வரவில்லை. நீ கேட்டால் பதில் சொல்ல வந்திருக்கிறேன்."

பந்து அசையவில்லை. வெயில் ஏறியது. ஈக்கள் வந்தன. காட்டெருமை வாலைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு செதில் மெல்ல விலகியது. அதன் இடுக்கிலிருந்து ஒரு சிறிய மூக்கு எட்டிப் பார்த்தது.

நீதி: ஆபத்து வந்தால் ஐயத்துக்குரியவரை அடைத்துவைக்கலாம்; ஆனால் ஏன் அடைத்தோம் என்று சொல்லாமலும் அவர் பதிலைக் கேட்காமலும் இருந்தால், நல்லவரும் வாடுவார், ஆபத்தும் தீராது.