நடு ஆற்றில் ஓட்டிப் பார்த்த மோட்டார்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு இருந்தது. அங்கே சிலும்பன் என்ற முள்ளம்பன்றி, மனைவி செவத்தியோடும் இரண்டு குட்டிகளோடும் வளை தோண்டிக் குடியிருந்தது.

அந்த மழைக்காலத்தில், வெள்ளத்தில் அடித்துவந்த ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு சிறுத்தை ஒன்று திட்டில் கரையேறிவிட்டது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தாலே யாரும் வெளியே தலைகாட்டவில்லை. முயல் வீடு காலியானது. புள்ளிமான் குடும்பத்தைக் காணவில்லை. பக்கத்து வளையில் இருந்த கிழட்டு முள்ளம்பன்றியும் போய்ச் சேர்ந்தது. அதன் முட்கள் மட்டும் சேற்றில் சிதறிக் கிடந்தன.

அதைப் பார்த்துவிட்டு வந்த செவத்தி, "ஏங்க, இனி இங்க இருக்க முடியாது. அக்கரைக்குப் போயிடுவோம்," என்றது.

அக்கரைக்குப் போவது விளையாட்டா? நடுவில் ஆறு. ஆறு நிறைய முதலைகள். துடுப்புப் போட்டு ஊர்ந்து போகும் படகை அவை விட்டுவைக்காது. முதலையை முந்தும் வேகம் வேண்டும்.

அப்படி ஒரு வேகம் நீராளனிடம் இருப்பதாகத் திட்டில் பேச்சு. நீராளன் ஒரு நீர்நாய். பழைய படகுகளை வாங்கி விற்பது அதன் பிழைப்பு. குடும்பத்தோடு கிளம்பித் துறைக்குப் போனது சிலும்பன். அங்கே மர நிழலில், பின்பக்கம் பெரிய மோட்டார் மாட்டிய ஒரு படகு நின்றது.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்குன்னே தொடாம வச்சிருக்கேன்," என்றது நீராளன். "பந்தயத்துல ஓடின மோட்டார். கெட்டியா பிடிச்சு உட்காரலைன்னா உங்களைத் தண்ணியில விட்டுட்டு அது மட்டும் போயிடும்."

"உன் வாய் ஓடுற அளவுக்கு ஓடுமா?"

"அண்ணாச்சிக்கு எப்பவும் கிண்டல்தான். பெயின்டைப் பாருங்க. மூஞ்சி தெரியுது."

"என் மூஞ்சியை நான் குட்டையிலேயே பார்த்துக்கிறேன். விலையைச் சொல்லு."

"உங்க வளையில இருக்கிற கிழங்கு முழுக்க."

சிலும்பனின் முதுகில் முட்கள் சடசடவென்று எழுந்தன. "முழுக்கவா? அக்கரையில என் குட்டிங்க மண்ணைத் திங்கவா? பாதி தர்றேன். பிடிக்கலைன்னா நீயே இதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கு."

சிலும்பன் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தது. சின்ன வயதில் சொத்தைக் கிழங்கைத் தலையில் கட்டி அதை ஏமாற்றாதவர்கள் அந்தத் திட்டிலேயே கிடையாது. ஏமாந்து ஏமாந்துதான் அது பேரம் கற்றது. பேரத்தில் தோற்றால் அதற்குச் சோறு இறங்காது.

"சரி, பாதி," என்றது நீராளன்.

"இந்தத் துடுப்பு ரெண்டும் எனக்கு எதுக்கு? பறக்கிற மோட்டார்னு நீதானே சொல்றே? துடுப்பை நீயே வச்சுக்கோ. அதுக்கும் சேர்த்துக் குறை."

"எடுத்துக் கரையில போட்டுடறேன். பாதியிலும் பாதி கொடுங்க. உங்ககிட்ட யார் ஜெயிக்க முடியும் அண்ணாச்சி?"

சிலும்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எப்படி என்று கேட்பதுபோல் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. செவத்தி அதைப் பார்க்கவில்லை. துறையின் ஓரத்துச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே சிறுத்தையின் காலடி இருந்தது. தடத்துக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் முடிங்க அண்ணாச்சி," என்றது நீராளன். "வெளிச்சம் இருக்கும்போதே போயிடுங்க. குட்டிங்களை வச்சுக்கிட்டு எதுக்கு இங்க நிக்கணும்?"

அந்த அக்கறைதான் சிலும்பனை உறுத்தியது. அது நீராளனின் முகத்தை உற்றுப் பார்த்தது. முக்கால் பங்கு விலையை விட்டுக்கொடுத்தவன் முகத்தில் ஒரு வலி தெரிய வேண்டாமா? சின்னச் சுளிப்பாவது? ஒன்றும் இல்லை. பேரத்திலேயே வயிறு வளர்த்த சிலும்பனுக்குச் சட்டென்று உள்ளங்கால் குளிர்ந்தது. எந்த விலைக்கும் தருகிறான் என்றால், விலை இவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் இவனுக்கு வேண்டியது என்ன?

படகில் ஏறி மோட்டாரின் மேல் கை வைத்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டது.

"இது ஏன் சுடுது?"

"வெயில்ல நிக்குதுல்ல?"

"நிழல்ல நிக்குது. தொடாம வச்சிருக்கேன்னு வேற சொன்னே."

"காலையில ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். அது ஒரு குத்தமா?"

ஆறிக் கிடக்கும் எஞ்சினை இழுத்தால்தான் அதன் நோய் தெரியும். முன்னாடியே சூடாக்கி வைத்தால் கிழட்டு எஞ்சினும் ஒரே இழுப்பில் பாடும். சிலும்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏறு படகுல. நடு ஆத்துக்குப் போய் ஓட்டிக் காட்டு."

"எதுக்கு அண்ணாச்சி? இங்க கரையோரமே ஒரு சுத்து..."

"என் குட்டிங்களை நான் கரையோரம் கூட்டிக்கிட்டுப் போகப் போறதில்ல. நடு ஆத்துல கூட்டிக்கிட்டுப் போகப் போறேன். ஏறு."

நீராளன் தயங்கியது. பிறகு, மெதுவாக ஓட்டி ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, ஏறி மோட்டாரின் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டது.

"அந்த மரப்பொந்துக்குள்ள போய் இரு. நான் வர்ற வரைக்கும் மூச்சு விடாதே," என்று சிலும்பன் செவத்தியிடம் சொன்னது. செவத்தி குட்டிகளை மரப்பொந்துக்குள் தள்ளி, வாசலில் தன் முதுகைக் கொடுத்து அடைத்துக்கொண்டது.

ஒரே இழுப்பில் மோட்டார் பாடியது. படகு நிதானமாக நடு ஆற்றுக்கு வந்தது. எஞ்சின் வெந்துவிடாமல் இருக்க, மோட்டார் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சிப் பக்கத்துத் துளை வழியாகப் பீச்ச வேண்டும். சிலும்பன் எட்டிப் பார்த்தது. தண்ணீர் நூல்போல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"வேகமா விடு."

"அலையா இருக்கு அண்ணாச்சி."

"வேகத்துக்குத்தானே வாங்குறேன்? விடுடா!" என்று கைப்பிடியைப் பிடுங்கி முழுக்கத் திருகியது சிலும்பன்.

மோட்டார் அலறியது. படகின் மூக்கு எழும்பியது. கரை மரங்கள் பின்னால் ஓடின. ஆகா, நல்ல மோட்டாரைச் சந்தேகப்பட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் துளையில் ஒழுகிய நூல் அறுந்தது. கருகல் வாடை வந்தது. உள்ளே ஏதோ கடகடவென்று அடித்து, இறுகி, நின்றது.

அதன் பிறகு சத்தமே இல்லை. படகைத் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும்.

"துடுப்பை எடு," என்றது நீராளன்.

"கரையில கிடக்குது."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. துடுப்பு வேண்டாம் என்று பேரம் பேசிய நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம்போல் இருந்தது சிலும்பனுக்கு.

"தண்ணி இழுக்கிற பம்பு போயிடுச்சு அண்ணாச்சி," என்றது நீராளன். "மெதுவா ஓட்டினா ஓடும். வேகமா விட்டா வெந்து நின்னுடும். ஆறி மறுபடி ஓட அரை நாள் ஆகும்."

"தெரிஞ்சேதான் வித்தியா?"

நீராளன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி மிதந்த கட்டை ஒன்று கண்ணைத் திறந்தது. அதன் பின்னால் இன்னொரு கட்டை. அப்புறம் இன்னொன்று.

முன்னால் வந்த பெரிய முதலை, படகின் விளிம்பில் தாடையை வைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இந்தப் படகு எங்களுக்குப் பழக்கமானதுதான்," என்றது முதலை. அது அவசரமே இல்லாமல் பேசியது. "முயலுங்க இதுலதான் வந்துச்சு. மான் குடும்பமும் இதுலதான் வந்துச்சு. எல்லாம் இந்த இடத்துலதான் வந்து நிக்கும். கடல் ஏற்றம் வந்ததும் வெறும் படகு மிதந்து உன் துறைக்கே வந்துடும். உன்னை மட்டும் இதுல பார்த்ததே இல்லையே தம்பி."

சிலும்பனுக்கு எல்லாம் விளங்கியது. காணாமல் போனவர்களில் பாதிப் பேரைச் சிறுத்தை தொடவே இல்லை. இன்றைக்கு இந்தப் படகில் செவத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு குட்டிகளும் உட்கார்ந்திருக்க வேண்டும். நினைத்ததுமே அதன் முட்கள் எழுந்து நின்றன. இந்த முறை கோபத்தால் இல்லை.

"மாமா," என்று முதலையைக் கும்பிட்டது நீராளன். "உங்களுக்கு எத்தனை பேரை அனுப்பியிருக்கேன். அந்த நன்றிக்காவது..."

"அனுப்பினே. ஆனா எங்களுக்காகவா அனுப்பினே? அவங்க வளையில விட்டுட்டு வந்த மொத்தக் கிழங்குக்காக அனுப்பினே," என்றது முதலை.

நீராளன் தண்ணீரில் பாய்ந்தது. அந்த ஆற்றில் அதைவிட வேகமான நீச்சல்காரன் கிடையாது. ஆனால் தண்ணீரில் அப்போது வேறு இரை இல்லாததால், எல்லா முதலைகளும் அந்த ஒன்றைத்தான் துரத்தின. பாதித் தூரத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமுறியது. பிறகு அடங்கியது. கொஞ்சம் ரோமம் மிதந்து வந்தது.

பெரிய முதலை திரும்பி வந்தது. சிலும்பன் படகின் நடுவில் முள்பந்தாகச் சுருண்டிருந்தது.

"பயப்படாதே. இப்பப் பசி இல்ல," என்று சொல்லிவிட்டு முதலை உள்ளே அமிழ்ந்தது.

ஏற்றம் வந்தது. ஆறு பின்னோக்கி ஓடியது. சாயங்கால வெயில் மர உச்சியில் மட்டும் மிஞ்சியபோது, படகு துறையில் வந்து முட்டியது. சிலும்பன் ஒரே ஓட்டமாகப் பொந்துக்கு ஓடியது. செவத்தி அதே இடத்தில், முதுகைக் காட்டியபடி இருந்தது. குட்டிகள் உள்ளே இருந்தன.

"மோட்டார் நல்லா இருக்குதாங்க?" என்று கேட்டது செவத்தி.

"கழட்டிக் கரையில போடு. துடுப்பை எடு. இப்பவே போகணும். கேள்வி கேட்காதே."

"முதலைங்க?"

"வயிறு நிறைஞ்சிருக்கு. பசிக்கிறதுக்குள்ள போயிடணும்."

நால்வரும் ஏறினார்கள். துடுப்பு தண்ணீரில் சத்தம் போடாமல் இறங்கி ஏறியது. நடு ஆற்றில், கைக்கெட்டும் தூரத்தில், கட்டைகள் அசையாமல் மிதந்தன. ஒன்று கண்ணைத் திறந்து பார்த்தது. சின்னக் குட்டி வாயைத் திறக்கப் போனது. செவத்தி தன் பாதத்தால் அதன் வாயை மூடியது. முதலையின் கண் மெல்ல மூடிக்கொண்டது.

அக்கரைச் சேற்றில் படகு சொருகியபோது, அதுவரை பிடித்திருந்த மூச்சை நால்வரும் ஒன்றாக விட்டார்கள். பின்னால் திட்டில், இருட்டத் தொடங்கிய மரங்களுக்குள் சிறுத்தை உறுமியது. அந்த உறுமல் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

உயிரை நம்பி வைக்கப்போகிற பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஆபத்து இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய், விற்பவனையும் கூட உட்காரவைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.