நெற்றியில் ஓர் ஓட்டை

சின்ன வெங்காயம் உரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ராக்கியண்ணன் லேசில் யாரையும் நம்ப மாட்டார். அவரிடமே இனிக்க இனிக்கப் பேசி, சோதித்துப் பார்ப்பதாக அதை வாங்கிப் போனது ஒரு பெரிய கம்பெனி. பிறகு, "சரிப்படாது" என்று திருப்பி அனுப்பியது. சரிப்படாத பொருளை அவ்வளவு பதனமாக, அலுங்காமல் பெட்டியில் கட்டியிருந்ததைப் பார்த்ததுமே, பிரித்துப் பார்த்துக் காப்பியடித்திருப்பார்களோ என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது.

நினைத்தது சரிதான். கோயம்புத்தூர் கண்காட்சி நோட்டீஸில் அதே இயந்திரம், கம்பெனி பெயரோடு! மஞ்சள் பையோடு கிளம்பிப் போனார்.

"இது என்னோடதுங்க."

கம்பெனி ஸ்டாலில் நின்ற மேலாளர், வாங்க வந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "பேட்டன்ட் இருக்கா பெரியவரே? இல்லேன்னா இங்கேயே நிரூபிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு திருகாணியும் எங்க இன்ஜினீயருங்க யோசிச்சு வெச்சது."

"அப்படிங்களா? மிஷின் நெத்தியில இந்த ஓட்டை எதுக்குங்க?"

"அதுவா? உள்ளே சூடு தங்காம இருக்க. ரெண்டு வருஷ ஆராய்ச்சி!"

ராக்கியண்ணன் பையிலிருந்து, கம்பியில் கோத்த எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் எடுத்து அந்த ஓட்டையில் மாட்டினார். கச்சிதமாகத் தொங்கியது.

"கண்ணு பட்டுரும்னு இதைக் கட்டறதுக்கு நான் போட்ட ஓட்டைங்க. இதுக்குமா ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணுனீங்க?"