கள்ளிவேலிக்கு வெளியே

ஆப்பிரிக்காவில், பெரிய ஏரியின் கரையில் லுவோ மக்கள் வாழும் ஊர் அது. வேலி சூழ்ந்த குடும்ப வளவுக்கு வாசல் எந்தத் திசையில், யார் குடிசை எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே ஒபுங்காவை விட்டால் ஆளில்லை. அவனிடம் அந்த வித்தை கற்றவள் அகெல்லோ. ஆசானைவிட மூத்தவள். அதனால் அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

பிள்ளையில்லை என்று புருஷன் துரத்திவிட, பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். அங்கே கிடைத்த வரவேற்பு இருக்கிறதே! "இங்கே மகன்களுக்குத்தான் குடிசை. நீ செத்தாலும் வேலிக்கு வெளியேதான் புதைப்போம்" என்றான் தம்பி ஓலூச். உயிரோடு இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

நேரே ஆசானிடம் வந்தாள்.

"ஊரெல்லாம் வளவு அளந்தோமே ஆசானே, இதில் என் இடம் எது?"

"புது வளவு போடப் போகிறவர்கள் என்ன கொண்டுபோவார்கள், சொல்லுங்க அக்கா."

"குடும்பத் தலைவன் சேவல். மூத்த மகன் கோடாலி. மனைவி நெருப்பு."

"உங்களிடம் சேவல் இருக்கா?"

"சேவல் இருக்கு, கோடாலி இருக்கு, நெருப்பும் இருக்கு. ஆள்தான் இல்லை."

"ஆள் எங்கேன்னு கோடாலி கேட்டுதா?"

அகெல்லோ அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

விடிந்ததும் கிளம்பிவிட்டாள். அக்குளில் சேவல், தோளில் கோடாலி, கையில் நெருப்புச் சட்டி. தாய்மாமன் விட்டுக்கொடுத்த மேட்டு நிலத்தில் வாசல் கம்புகளை அவளே அடித்தாள். சுற்றிலும் கள்ளிக் குச்சிகளை நட்டாள். ஒபுங்கா அளவுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

சேதி எட்டி, ஓலூச் ஓடிவந்தான்.

"அடிப்பாவி! முறையை மீறுகிறாயே, சிரா பிடிக்கும்! உடம்பு உருகியே சாவாய்!"

அந்தச் சாபத்தின் பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். பயம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனாலும் அடுத்த குச்சியை ஊன்றினாள்.

"பிடிக்கட்டும்டா! என் வீட்டுக்குள்ளே வந்து பிடிக்கட்டும்!"

தம்பி ஆசான் பக்கம் திரும்பினான். "பொம்பளை வளவு போடலாமா? எந்த முறையில் இருக்கு?" என்று கேட்டபடியே கள்ளிக் குச்சிகளைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

ஒபுங்கா கை நீட்டித் தடுத்தான்.

"நீ வேலிக்கு வெளியே நிக்கிறே ஓலூச். முறை பேசணும்னா வாசல் வழியா வா. வீட்டுக்காரியைக் கேட்டுட்டு வா."