அடுப்பு வாங்கிய படம்

இசக்கியம்மாள் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நல்ல சேதி வந்தால் மனுசிக்குப் பசியெடுக்க வேண்டும். இவளுக்கானால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

சேதி இதுதான். அவள் எடுத்து, சின்ன மாதிரி அனுப்பியிருந்த படம் ஒன்றை ஒரு நாளிதழ் கேட்டிருந்தது. "உங்க பேரோட நாளைக்குப் போடுறோம். அடுத்த மாசத்துலருந்து எங்களுக்கே படம் எடுங்க" என்று துணை ஆசிரியர் போனிலேயே சொல்லிவிட்டார். மதியம் இரண்டு மணிக்குள் அச்சுக்கான பெரிய படம் போய்ச் சேர வேண்டும்.

சமுதாயக் கல்லூரியில் இதழியலும் புகைப்படமும் படிக்கச் சேர்ந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. 'பேரன் பேத்தி எடுக்குற வயசுல போட்டோ எடுக்கப் போறாளாம்' என்று தெருவே சிரித்தது. பெற்ற மகனே கூடச் சேர்ந்து சிரித்தான், பாவி. அவ்வளவு பேருக்கும் நாளைக் காலையில் பதில் கிடைத்துவிடும். கிடைத்திருக்கும், வேலுத்தாய் மட்டும் இன்று காலையில் கல்லூரி வாசலில் வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

வேலுத்தாய்தான் அந்தப் படத்தில் இருப்பவள். மழைவெள்ளத்தில் வீடு முழுகியவர்களுக்கு வியாபாரிகள் சங்கம் அடுப்பு கொடுத்தபோது, வரிசையில் நின்று வாங்கியவள்.

"பேப்பர்ல போட்டுராதம்மா" என்றாள். "விடுதியில படிக்கிற மக பாத்துருவா. அடுப்ப நானே காசு குடுத்து வாங்குனேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

இசக்கியம்மாள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. உள்ளே ஓடி வந்துவிட்டாள்.

சாப்பாட்டு இடைவேளை. புகைப்படம் சொல்லித்தரும் ஜெரோம் சார் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார்.

நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டிவிட்டுக் கேமராவை நீட்டினாள் இசக்கியம்மாள்.

"அனுப்பட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். தலையே வெடிச்சிரும் போல இருக்கு."

ஜெரோம் படத்தைப் பார்த்தார். சங்கத் தலைவரின் கையும் வேலுத்தாயின் கையும் அடுப்புப் பெட்டியின்மேல் இருந்தன. இரண்டு முகமும் கேமராவைப் பார்த்தன. வேலுத்தாயின் கன்னத்தில் கண்ணீர் ஒரு கோடாக இறங்கியிருந்தது.

"படம் நல்லா வந்திருக்கு."

"பேப்பர்க்காரங்களும் அதத்தான் சொல்லுதாங்க. அந்தக் கண்ணீர்தான் படமேங்காங்க."

"வாங்கும்போதே அழுதாங்களா?"

"இல்ல சார். மொதல்ல முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிட்டா. முந்தானைய வெலக்கச் சொன்னேன். பெறவு அடுப்பத் திருப்பிக் குடுத்துட்டு இன்னொரு தடவை வாங்கச் சொன்னேன். அப்பத்தான் கண்ணு கலங்கிச்சு." அவள் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "எல்லாரும் அப்படித்தானே சார் எடுக்காங்க? பொய்யா ஒண்ணும் எடுக்கலையே. குடுத்ததும் நெசம், வாங்குனதும் நெசம்."

"சாப்பிட்டீங்களா?"

"எங்க சார் சாப்பிட?"

டப்பாவின் மூடியில் பாதிச் சோற்றை வைத்து நீட்டினார். வாசனை பட்டதும்தான் இசக்கியம்மாளுக்குப் பசி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. கையை நீட்டி மூடியைப் பிடித்தாள்.

அவர் விடவில்லை.

"சார்?"

"அப்படியே பிடிச்சுக்கோங்க." மற்றொரு கையால் கேமராவை எதிர் மேசையில் வைத்து, சில நொடி கழித்து அது தானே படம் எடுத்துக்கொள்ளும்படி பொத்தானைத் தட்டினார். "அங்க பாருங்க."

கேமரா கீச் கீச்சென்று கத்தி ஒரு படம் எடுத்தது.

"கண்ண மூடிட்டீங்க. மூடியைத் திருப்பிக் குடுங்க. இன்னொரு தடவை வாங்குங்க."

இதென்ன கூத்து! இவ்வளவு நல்ல மனுசனுக்கு இன்றைக்கு என்ன பிடித்துவிட்டது? வெளியே போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இசக்கியம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கிய மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓடலாம் என்றால், சோற்றைக் கீழே போட மனம் வரவில்லை.

"தலையக் குனியாதீங்க. முகம் தெரியல." அவர் பொத்தானை மறுபடியும் தட்டினார்.

நிமிர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. கேமரா இன்னொரு தடவை கத்தியது.

ஜெரோம் மூடியை அவள் கையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். கரும்பலகையில், படத்துக்குக் கீழே போடும் குறிப்பை எழுதினார்: 'பட்டினியோடு வந்த மாணவி இசக்கியம்மாள் (42), ஆசிரியரிடம் உணவு பெற்றுக்கொண்டபோது.'

"பேரு, வயசு சரிதானே?"

"சரிதான் சார்."

"பொய் ஏதாவது இருக்கா?"

அவள் பலகையை மேலிருந்து கீழாகத் தேடிப் பார்த்தாள். இல்லை. ஒரு சொல்கூட இல்லை. மூடியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

"சார், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இத யாருக்கும் அனுப்பிராதீங்க. எங்க தெரு பாத்துரும். எம்மவன் பாத்துருவான்."

அவர் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார். கேமராவை அவள் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்போது பார்த்து இசக்கியம்மாளின் போன் அடித்தது. நாளிதழிலிருந்துதான். மணி இரண்டாகப் போகிறது. போனை எடுத்துத் திரையில் அந்தப் பெயரையே பார்த்தாள். எத்தனை மாத ஆசை அது!

"சார், கூப்பிடுதாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

ஜெரோம் டப்பாவிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இப்ப என்கிட்ட கும்பிட்டுக் கேட்டீங்களே, அதையே அவங்ககிட்டயும் கேளுங்க."