ராஜா வயிற்றில் கரைந்த புளி

முன்னொரு காலத்தில், பல்லக்குத் தூக்கிகள்கூட "குட் மார்னிங்" சொல்லிக்கொண்ட ஒரு சமஸ்தானத்தில், ராஜா வீரபூபதிக்கு இங்கிலீஷ் மோகம் பிடித்தது. ஒரு பாதிரியாரை அமர்த்தி, அரசவை முழுவதும் பாடம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பண்டிதர் அபிஷேகநாதர் அகராதியை மனப்பாடம் செய்தார். விகடகவி குப்பண்ணாவோ, பாதிரியார் நடுநடுவே சொல்லும் பழங்கதைகளுக்கு மட்டும் காதைக் கொடுத்தான்.

பாதிரியார் வெளியூர் போயிருந்த சமயம், எல்லைத் தகராறில் மல்லுக்கு நின்ற வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. பண்டிதர் அதைத் தமிழில் பெயர்த்துச் சொன்னார்:

"நான் ரூபிகான் ஆற்றைத் தாண்டிவிட்டேன். உம்மிடம் வந்து கோடரியைப் புதைப்பேன்."

சபை நடுங்கியது.

"ரூபிகான் என்பது நம் எல்லை ஆறுதான், மகாராஜா! கோடரியைப் புதைக்கப்போவது தங்கள் மார்பில்!" என்று அலறிய பண்டிதருக்கு, ராஜாவின் செல்லப்பிள்ளையான குப்பண்ணாவை ஒழிக்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்றும் பட்டது. "படை திரளும்வரை குப்பண்ணாவைத் தூது அனுப்புங்கள். முதல் வெட்டு அவனுக்கு விழட்டும்."

குப்பண்ணா குறுக்கிட்டான். "மகாராஜா, அது ஒரு பேச்சு வழக்கு..."

"வாயை மூடும்! சொன்ன சொல்லுக்குச் சொன்னதுதான் பொருள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நீர் விகடம் பேசுகிறீர்!" என்று சீறினார் ராஜா.

குப்பண்ணா எடுத்தான் ஓட்டம். திரும்பியபோது அவனோடு கஷாயக் கிண்ணமும் கையுமாக வைத்தியர் வந்தார். பின்னால் அண்டாவை உருட்டிக்கொண்டு சமையற்காரர்.

"என்னய்யா இது?"

"வயிற்றில் கரைத்த புளியை வெளியே எடுக்க வேண்டாமா, மகாராஜா? இது வாந்தி மருந்து. அண்டாவில் பிடித்துக்கொண்டால் அரண்மனைக்கே ரசம் வைத்துவிடலாம்."

"பழைய புளிங்களா, புதுப் புளிங்களா?" என்று பணிவாகக் கேட்டார் சமையற்காரர்.

வைத்தியர் கிண்ணத்தை ராஜாவின் வாயருகே நீட்டினார்.

"அட மூடர்களே! பயமாக இருக்கிறது என்றேன். வயிற்றில் ஏது புளி?"

"அப்படியானால் துரை கையில் மட்டும் ஏது கோடரி?" என்றான் குப்பண்ணா. "கோடரியைப் புதைப்பது என்றால் பகையை மறப்பது. ரூபிகான் ரோமாபுரி நாட்டு ஆறு. அந்தக் காலத்தில் சீசர் என்ற தளபதி படையோடு அதைத் தாண்டினாராம். அப்புறம் திரும்ப வழியில்லை. சமாதானம் என்று முடிவெடுத்துவிட்டேன், இனிப் பின்வாங்க மாட்டேன் என்கிறார் துரை."

அதற்குள் துரையே வந்து சேர்ந்தார். கையில் ஒரு கூடை பிஸ்கோத்து.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. குப்பண்ணாவுக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"அகராதியைக் கரைத்துக் குடித்தவர் நீர்தானே? அந்தக் கஷாயத்தை நீரே குடியும். அகராதி வெளியே வரட்டும்!"